உள்ளே மடித்த துணி

பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகளில், அடுத்த வருஷம் புதுசு எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை எது என்று கத்தரி அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். அந்தத் துணியின் ஓரத்தை மட்டும் நாலு விரல் கூடுதலாக உள்ளே மடிக்கச் சொல்வார். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இதை வெளியே சொன்னதில்லை. மடித்துத் தைத்தவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

எங்கள் தையல்கடையில் துணி வெட்டுவது அவர்தான். கத்தரி கையை விட்டு இறங்காது, அதனால்தான் அந்தப் பேர். எழுபதை நெருங்கும்போது ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். தையலில் இருக்கிற யாருக்கும் ஒருமுறை நடப்பதுதான். ஆனால் அடுத்த வாரமும் நடந்தது. முதலாளியம்மா நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. கத்தரியை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இனிமேல் பட்டன் மட்டும் தைத்தால் போதும் என்றார். அக்காவுக்கு அது உயிரைப் பிடுங்கி உள்ளே வைத்த மாதிரி.

கடவுளை வேண்டிக்கொண்டு நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஞாபகம் தேயத் தொடங்கியிருக்கிறது, வயசுதான் பெரிய காரணம் என்றார். படித்தவர்களுக்கும் இது வரும், ஆனாலும் படிப்பு இருந்தால் மூளை கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் என்றும் சொன்னார். அக்கா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்.

"அப்போ படிச்சவங்களுக்கு உள்ள மடிச்சு விட்டிருக்கு, எனக்கு ஒட்டத் தைச்சுட்டாங்க. இப்ப ஒட்டுத்துணி வைக்கலாமா, டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். எந்த வயசில் கற்றுக்கொண்டாலும் நல்லதுதான், நோய் போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

அஞ்சாவதோடு நின்ற நான் வாத்தியார் ஆனேன். உனக்கே ஒற்று எங்கே வரும்னு தெரியாதேடி என்று கேலி செய்துகொண்டே, சாப்பாட்டு வேளையில் வெட்டுமேசை மேல் சாக்பீஸால் எழுதிப் பழகினார். அவர் முதலில் கேட்டு வாங்கிய எழுத்துகள் 'மு', 'பி'. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. துணியில் கைகளை வரைந்ததும் இரண்டு 'மு'வும் எதிரெதிராக நிற்கிறதா என்று பார்ப்பார். ஒரே பக்கம் பார்த்து நின்றால் இரண்டும் ஒரே கையாகிவிடும், அழித்துவிடுவார்.

ஒருநாள் அப்படி வரைந்த துணியை முதலாளியம்மா முன்னால் விரித்தார். அவர் குனிந்து பார்த்தார், இழுப்பறையைத் திறந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தார். என் கண் கலங்கிவிட்டது. அக்காவோ, இத்தனை நாள் சும்மா கிடந்ததே, சாணையாவது பிடித்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் வெட்டினார். பேர்கள் நழுவின, கை மாறவில்லை. நான் மகன் ஊருக்குக் கிளம்பிய அன்று, துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:

"அடுத்த தடவை வந்தா, நீ யாருன்னு கேட்டாலும் கேட்பேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. பேரைச் சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து தை."