மூன்று கையெழுத்துச் சீட்டு

அந்தச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் காலை, அவர் போடவே இல்லை என்று தாளாளர் முன்னால் சொன்னேன். இதுதான் நான் செய்தது.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பிளஸ் டூ பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பாட எண் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதால் இரண்டாவதாக ஒன்று வாங்கியிருந்தோம். அதை மாட்ட பேகம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்கள் ஊரில் அப்போது இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். சிறுமலைப் பள்ளிக்கூடத்துக்குக்கூடக் காலை பஸ்ஸில் ஏறிப்போய்ப் பழுது பார்த்துவிட்டு வருவார்.

எனக்கு அவர்மேல் முதலிலிருந்தே சந்தேகம். காரணம் என்று ஒன்றும் இல்லை. மெக்கானிக்குகள் நல்ல டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓட்டை டிஸ்க்கை வைத்துவிடுவார்கள் என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. பெட்டியைத் திறந்தவுடன் பழைய டிஸ்க்கின் எண்ணை டைரியில் குறித்துக்கொண்டேன். அவர் கை போகும் இடமெல்லாம் என் கண்ணும் போனது.

டிஸ்க்கின் பின்புறம் கம்பி முட்கள் சில நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரு சின்னக் கறுப்பு மூடி. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. அதுதான் ஜம்பர். பழைய டிஸ்க்கில் ஓர் இடத்திலும் புதியதில் வேறோர் இடத்திலும் அதை மாட்டினார்.

"ஒரே வயர்ல ரெண்டு டிஸ்க்கு சார். ஒண்ணு மாஸ்டர், ஒண்ணு ஸ்லேவ். ரெண்டுல யாரு பெரியவன்னு இந்த மூடிதான் சொல்லும். மாத்தி வச்சா ரெண்டும் முழிக்கும்."

நான் தலையாட்டினேன். கவனமெல்லாம் அவர் பையின்மேல் இருந்தது.

பிறகு திரையில் பூட் ஆர்டர் என்று ஒரு பட்டியலைக் காட்டினார். ஆன் செய்ததும் மெஷின் எதை முதலில் தேட வேண்டும் என்ற வரிசை. பிளாப்பி முதலாவது, பழைய டிஸ்க் இரண்டாவது.

"பிளாப்பி எதுக்கு முதல்ல?" என்றேன்.

"டிஸ்க்கு மக்கர் பண்ணா, பிளாப்பியப் போட்டு உசுப்பலாம் சார்."

"அப்ப வெளியாள் எவனும் ஒரு பிளாப்பியக் கொண்டாந்து உள்ள இருக்கதை எடுத்துட்டுப் போயிரலாம், இல்ல?"

"உங்க இஷ்டம் சார்," என்று பிளாப்பியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

பெட்டியை மூடியதும், தேர்வு வினாத்தாள் கட்டுக்குச் செய்வதுபோல, மூடியும் உடலும் சேரும் இடத்தில் ஒரு தாள் சீட்டை ஒட்டினேன். குறுக்கே பச்சை மையில் என் கையெழுத்து. நீல மையில் எங்கள் அலுவலக எழுத்தருடையது.

மெக்கானிக் சிரித்தார். "கொஸ்டின் பேப்பரா சார் இது? அப்ப நானும் போடுறேன். நாளைக்கு எதாச்சும்னா என்னையத்தானே கேப்பீங்க." என் பேனாவையே வாங்கித் தமிழில் போட்டார்.

அவர் போனார். பள்ளி விட்டது. எழுத்தரும் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடுவதற்கு முன் பழைய டிஸ்க்கின் எண்ணை இன்னொரு முறை பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று மனம் அரித்தது. சீட்டைக் கிழித்தேன். திருப்புளியால் டிஸ்க்கைக் கழற்றி வெளியே இழுத்தேன். எண் சரியாக இருந்தது. டைரியில் இருந்த அதே எண்.

இழுத்ததில் அந்தக் கறுப்பு மூடி தரையில் விழுந்துவிட்டது. மேசைக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்தேன். எந்த முள்ளில் இருந்தது என்று நினைவில்லை. புதிய டிஸ்க்கைப் பார்த்தேன். அதில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் பழையதிலும் மாட்டினேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவன் வேறெப்படி நினைப்பான்? புதுச் சீட்டு ஒட்டினேன். என் கையெழுத்தைப் போட்டேன். காலையில் எழுத்தரிடமும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். கிழிந்த சீட்டை டைரிக்குள் வைத்தேன். எந்தத் தாளையும் எறியாத பழக்கம்.

காலையில் எனக்கு முன்னால் எழுத்தர் வந்து மெஷினை ஆன் செய்திருந்தார். கீரனூர்க்காரர், பதறியே பேசமாட்டார். அன்று பதறினார்.

"ஏனுங்க சார், டிஸ்க்கே இல்லீங்கறது. பிளாப்பியப் போட்டாலும் கண்டுக்க மாட்டீங்குதுங்க."

தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. தாளாளரான பாதிரியார் வந்தார். மெக்கானிக்குக்கு ஆள் போனது. அவர் வந்ததும் முதலில் பார்த்தது சீட்டை.

"இதுல உங்க கையெழுத்து மட்டும்தானே சார் இருக்கு. நேத்து மூணு பேரு போட்டோம்."

தாளாளர் என்னைப் பார்த்தார். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டவன் நான். "நீங்க எப்பப் போட்டீங்க, பாய்? நான் மட்டும்தான் போட்டேன்," என்றேன்.

மெக்கானிக் எழுத்தரிடம் திரும்பினார். எழுத்தர் என்னைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அஞ்சு நிமிசம் குடுங்க சார். ஜம்பர மட்டும் பாத்துர்றேன்."

"இனிமே நீங்க தொட வேணாம்," என்றார் தாளாளர். "நல்ல டிஸ்க்கு உங்க கடையில இருந்தா கொண்டாந்து குடுத்துருங்க. பிரச்சினை வேணாம்."

என் டைரி மேசைமேல்தான் இருந்தது. உள்ளே இருப்பது பள்ளியின் டிஸ்க்தான் என்பதற்கு அதில் எண் இருந்தது. கிழிந்த சீட்டும் இருந்தது. நான் டைரியைத் திறக்கவில்லை. மெக்கானிக் தன் பையை மேசையில் தலைகீழாகக் கொட்டிக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, பழைய டிஸ்க்கின் கறுப்பு மூடியைப் பிடுங்கி வேறு முள்ளில் சொருகினார். பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றுவிடாமல் வந்தன. "ரெண்டையும் ஸ்லேவ் ஆக்கி வச்சுருக்காங்க. வேலை தெரியாத ஆளு யாரோ," என்றார்.

"பரவால்ல, திருடலை. வேலைதான் தெரியலை," என்றார் தாளாளர். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பட்டியல் நேரத்துக்குப் போய்விடும் என்ற நிம்மதியில் அதையும் விட்டேன். தாளாளர் சொன்னது மற்றப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சிறுமலைப் பள்ளி உட்பட எல்லாரும் மதுரை ஆளையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழிந்தது. டைரிகளை ஒழுங்குபடுத்தும்போது சீட்டு கைக்கு வந்தது. எங்கள் இரண்டு பேர் கையெழுத்துக்கும் அடியில் அவருடையது, என் பச்சை மையிலேயே. அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. நடந்ததையெல்லாம் எழுதி, சீட்டின் நகலோடு பள்ளி நிர்வாகத்துக்கும் அவரைக் கைவிட்ட பள்ளிகளுக்கும் அனுப்பினேன். ஒரு பள்ளியிலிருந்துதான் பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று.

மூலச் சீட்டை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும். அவர் தாடி நரைத்திருந்தது. நான் கொடுத்த கடிதத்தை நின்றபடியே படித்தார். உட்காரச் சொல்லவில்லை.

"திருடன்னு நெனச்சதக்கூட விட்டுட்டேன் சார்," என்றார். "நெனச்சுட்டுப் போறாங்க. எனக்குப் போயி ஜம்பர் வைக்கத் தெரியாதுன்னுட்டாங்க."

"தப்பு என்மேலதான் பாய். மன்னிச்சுருங்க."

"இப்ப வர்ற டிஸ்க்குல ஜம்பரே வைக்க வேண்டியதில்ல. இனிமே தெரிஞ்சாத்தான் என்ன." சீட்டை வாங்கி, விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.

போன வருடம் என் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. தயங்கித் தயங்கி அவருக்கே போன் செய்தேன். வந்தார். டிஸ்க்கை மாற்ற வேண்டியிருந்தது. "இங்கன உக்காருங்க சார்," என்று ஒரு நாற்காலியைப் பெட்டிக்கருகே இழுத்துப் போட்டார். நடுவில் காபி போடச் சொல்ல எழுந்தேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் திரும்பி வந்து உட்காரும்வரை பெட்டியைத் தொடவில்லை.

வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து மூடியின் குறுக்கே ஒட்டினார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"போடுங்க சார்."

போட்டேன். அவர் செல்போனை எடுத்து, இரண்டு கையெழுத்தும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். சரியாக விழவில்லை போலிருக்கிறது. இன்னொன்று எடுத்துக்கொண்டார்.