பச்சையம்மாள் சொன்ன வம்சம்

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பச்சையம்மாள், ஏழு ஊர்களில் நூற்றுப் பன்னிரண்டு உறவினர்களை ரத்தம் கொடுக்க வைத்தாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகளை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாள். ஐந்து தலைமுறையாகக் குடும்பத்தின் கண்ணைப் பறித்த மரபணு இருக்கும் இடத்தை டாக்டர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். இவ்வளவும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தன் பார்வையும் சுருங்கிய பிறகு.

வம்சம் முழுவதும் அவள் வாயில் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, எட்டாவது படித்த அக்கா ஆதிலட்சுமி ஸ்கேல் வைத்து அட்டையில் வரைந்தாள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கண் போனவர்களுக்குக் கறுப்பு.

மரபணு எங்கே என்று தெரியாது. அதன் அக்கம்பக்கத்து அடையாளங்களை ரத்தத்தில் படிக்கலாம் என்று சென்னை டாக்டர் நந்தினி சொல்லியிருந்தார். கண் போன எல்லோரிடமும் எந்த அடையாளங்கள் சேர்ந்தே இறங்கியிருக்கின்றனவோ, அங்கேதான் மரபணு.

ஒரு வருடம் கழித்து அவர் அட்டையோடு திரும்பினார். "எங்கியோ ஒரு உறவு பொருந்தலைங்க. சரியாகலைன்னா இந்தக் குடும்பத்த விட்டுட வேண்டியதுதான்."

ஆதிலட்சுமி ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தாள். "கோடு தப்பல. நீதான் மறந்துட்ட."

"மறக்கல யக்கா. மறைச்சுட்டேன்."

பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குச் சித்தப்பா தன் மகன் முருகையனைத் தொட்டிலிலேயே கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கறுப்புக் கட்டங்கள் அதிகம் இருந்ததோ முருகையன் கிளையில். சொன்னால் அவன் மனம் நோகும். சொல்லாவிட்டால் அத்தனை பேர் ரத்தமும் வீண்.

மறுநாள் காலை பச்சையம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, அடி அண்ணாமலை ஊரில் இருந்த அவன் டீக்கடைக்குப் போனாள். "அண்ணே, உன்னக் கேக்காம எழுத மாட்டேன்."

டீ ஆற்றிக்கொண்டே முருகையன் சொன்னான்: "ஊருக்கே தெரிஞ்சத நீங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சிருந்தீங்களா? எழுது. ஆனா எனக்கு அப்பா என்ன வளத்தவருதான். அந்தக் கோட்ட அழிச்சுடாத."

ஆதிலட்சுமி அழிக்கவில்லை. சித்தப்பாவிடமிருந்து முழுக்கோடு, பெரியப்பாவிடமிருந்து புள்ளிக்கோடு.

நான்கு மாதத்தில் டாக்டர் வந்தார். அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டிவிட்டன; இனி கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் ரத்தம் பார்த்துக்கொள்ளலாம். வம்சப் படத்தை ஆராய்ச்சிக் கட்டுரையில் வெளியிடச் சம்மதம் கேட்டுப் படிவத்தை நீட்டி, கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்தார்.

"மை வேணாம்மா. பேனா குடுங்க."

அட்டையில் அக்கா பெரிதாக எழுதியிருந்த தன் பெயரை அவள் இத்தனை நாளும் விரலால் தடவிப் பழகியிருந்தாள். சுருங்கிய பார்வைக்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுவந்து, பச்சையம்மாள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டாள்.

தேதி: 2023 மார்ச் 9.