விருந்தாளி வந்துட்டாங்க!

2005-ஆம் வருடம், கோடை முடிகிற நேரம். மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நான்கைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. புதுச்சேரியில் வாடகை வீட்டில் குடித்தனம். என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்கள். எங்கே இடி மின்னல் என்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுவார் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

வானம் இருட்டினால் ஊரே வெளியிலிருந்து வீட்டுக்குள் ஓடும். இவர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடுவார். கொடியில் காயும் துணியை எடுக்கத்தான் ஓடுகிறார் போலிருக்கிறது, எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று முதல் வாரத்தில் நான் பூரித்துப்போனேன். துணி அங்கேயே தொப்பலாக நனைந்துகொண்டிருக்கும். இவர் பைக்கில் பாதித் தெரு போயிருப்பார். தினமும் வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த மேகத்தைப் பார்த்த கண்ணால் என் புதுப்புடவையை ஒரு நாளாவது பார்த்திருப்பாரா!

"நீயாவது இவன வழிக்குக் கொண்டாம்மா. என்னால முடியல" என்று மாமியார் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

இவர் உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் என் அப்பா. அப்பா ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. கிளியனூரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மீசையும் குரலும் மட்டும் ஓய்வு பெறவில்லை. அப்பா எதிரில் வந்தால் இவர் சட்டையை பேண்ட்டுக்குள் சொருகிக்கொண்டு, "வாங்க மாமா" என்று விறைப்பாக நிற்பார். அப்பா உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். எனக்கே பாவமாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கறிச்சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். இவரோ காலையிலேயே மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தார். கீழே வந்து அப்பாவுக்கு போன் போட்டு, "கடையில அவசர வேலை மாமா, லீவு குடுக்கல" என்று ஒரே போடாகப் போட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அம்மா கையால் மட்டன் குழம்பு சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"சாயங்காலம் மரக்காணம் பக்கம் பெரிய இடி மழை இருக்குது. உப்பளத்துல நின்னா வானம் முழுசா தெரியும். நீயும் வா" என்றார்.

நான் விடவில்லை. இன்றைக்கு மழை வராவிட்டால் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன், சாவி என்னிடம்தான் இருக்கும், அப்புறம் இந்தப் பேச்சே கூடாது என்று பந்தயம் கட்டினேன். ஜன்னல் வழியாக வானத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். கோட்டக்குப்பத்தில் எனக்குச் சமோசா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தார். சமோசாவைச் சாப்பிட்டேன், சமாதானம் ஆகவில்லை. வழி முழுக்க எல்லாச் சாமிகளிடமும் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

உப்பளத்தில் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாரிய உப்பு வரப்பு ஓரமாக வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. இவர் வண்டியை நிறுத்திய கையோடு, தெரிந்தவர்களிடம் பேசுவதுபோல, "அக்கா, இன்னிக்கு செம மழை இருக்குது!" என்று உற்சாகமாகக் கத்தினார். அவ்வளவுதான். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு இவரை முறைத்தார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர், "இன்னா சார் நீ, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பிடித்துக்கொண்டார். உப்பு கரைந்துவிடுமே என்ற கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு விஷயமும் இருந்தது எனக்குத் தெரியாது.

சும்மா வம்புக்காக இவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். "எங்கப்பா தென்னைக்கு வைக்க உப்பு மூட்டை எடுக்க இங்கதான் வருவாரு. இன்னிக்கு வந்தாருன்னா மாட்டினீங்க." முகம் வெளுத்துவிட்டது. நாலாபுறமும் பார்த்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் சாக்கு அடுக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தார். அப்புறம் கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்பில் தூரமாக நடந்து போனார்.

உப்பளத்து ஆபீஸ் என்பது கான்கிரீட் கூரை போட்ட ஒற்றை அறை. அங்கே இருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடல்காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. அந்த அக்கா திண்டிவனம் பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏ, விருந்தாளி வர்றாங்க! சீக்கிரம் ஆவட்டும்" என்று குரல் கொடுத்தார். உடனே எல்லோரும் பனையோலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, உப்புக் குவியல்களை மூட ஆரம்பித்தார்கள். "விருந்தாளி வர்றாங்களாம்டி, ஓடியா" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

முதலாளி வீட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் போல, அதுதான் இடத்தைச் சுத்தமாக வைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து அதைக் கைக்குட்டையால் துடைத்து வாசலைப் பார்த்துப் போட்டேன். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டேன். தண்ணீர்க் குடத்தின் மேல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஓலையோடு அந்தப் பக்கம் ஓடிய அக்காவிடம், "எத்தினி பேரு வர்றாங்க? டீ ஏதாச்சும் போடணுமா?" என்று கேட்டேன்.

அந்த அக்கா ஓலையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தினி பேருன்னு எண்ணிச் சொல்றது? தோ பாரு, கூட்டமா வர்றாங்க" என்று மேற்கே கை காட்டினார். அடிவானம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. "உப்பு வார்ற நாள்ல அளத்துக்குள்ள அந்தப் பேர சொல்லமாட்டோம்மா. சொன்னா வந்துடும். உங்க வூட்டுக்காரரு வந்ததும் வராததுமா அத்த சொல்லிட்டாரு பாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்தாளி என்றால் மழை. பந்தயம் போச்சு. மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜில்லென்று ஒரு காற்று ஓலைகளைப் பறக்கடித்தது. கூடவே இடிச் சத்தம். பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்து அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். இவர் மட்டும் வரவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். மரமோ கம்பமோ இல்லாத அந்த வெட்டவெளியில் உயரமாக நின்றது இரண்டே இரண்டுதான். ஒன்று இவர், இன்னொன்று பக்கத்தில் இவருடைய இரும்பு ஸ்டாண்டு. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே திறந்தவெளியில் நிற்கக் கூடாது என்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவர் இவர்தான். மேகத்தைக் கண்டதும் அதெல்லாம் மறந்துபோயிருந்தது. அதுவரை எனக்கு இவருடைய கிறுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் அது வேடிக்கையாக இல்லை.

"ஏங்க! வாங்க! இடி இடிக்குது!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து, இன்னும் ஒன்றே ஒன்று என்று விரலைக் காட்டிச் சிரித்தார். "ஏங்க! மின்னல் வெட்டுது, வந்துடுங்க!" மின்னல் என்றதும் அவருக்கு இனிப்பைக் காட்டியதுபோல இருந்திருக்கும். இன்னும் குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். "பேரச் சொல்லிக் கூப்புடும்மா!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பேரைச் சொன்னாலும் வருகிற ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல், சற்று முன்னால் அந்தப் பெண்கள் சொன்ன வார்த்தை என் வாயில் வந்து விழுந்தது.

"ஏங்க! விருந்தாளி வந்துட்டாங்க!"

சடாரென்று நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேமராவையும் ஸ்டாண்டையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரப்பின் மேல் ஓடி வந்தார். சும்மா ஓடி வரவில்லை. ஓடிக்கொண்டே சட்டையைப் பேண்ட்டுக்குள் சொருகினார், தலையைக் கையால் வாரிக்கொண்டார். மூச்சு வாங்க அறைக்குள் நுழைந்து, அங்கே நின்ற அத்தனை பெண்களையும் பார்த்து, "வாங்க மாமா" என்று கும்பிட்டார்.

பெண்கள் சிரிக்க வாயெடுத்தார்கள். அதற்குள் எல்லாம் வெள்ளையாகிப் போனது. சுவர், ஆட்கள், வாசல் எதுவும் தெரியவில்லை. காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. யாரோ ஒரு பெண் வீறிட்டார். நான் இவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அடுத்த நொடி மழை கொட்ட ஆரம்பித்தது.

மழை விட்டு, இடிச் சத்தமும் ஓய்ந்து வெகு நேரம் கழித்துத்தான் வெளியே போனோம். ஸ்டாண்டு பாத்திக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் ஒரு கால் கருகி வளைந்திருந்தது. கேமரா சேற்றில் கிடந்தது. இவர் நின்றிருந்த இடத்தில் வரப்பு மண் வெடித்துப் பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே ஈர வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "மாமாதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் அப்படித்தான் வருகிறது.

மூட முடியாமல் போன இரண்டு குவியல்கள் பாதி கரைந்திருந்தன. "எல்லாம் உன்னாலதான் சார். இனிமே அளத்துக்கு வந்தா வாய மூடிக்கினு வா" என்று திட்டிவிட்டு, அந்த அக்கா தன் தூக்குச்சட்டியிலிருந்த டீயை முதலில் இவருக்குத்தான் ஊற்றிக் கொடுத்தார்.

சேறு படிந்த துணியோடு நேராகக் கிளியனூருக்குப் போனோம். கடை வேலை என்று பொய் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் இவரே அப்பாவிடம் ஒப்பித்தார். நான் பயந்துகொண்டே நின்றேன். அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் வீடே அதிரச் சிரித்தார். "முப்பது வருசம் போலீஸ்ல இருந்தேன். என்னப் பாத்தா எல்லாப் பயலும் அந்தப் பக்கமாதான் ஓடுவான். என் பக்கமா ஓடி வந்த மொத ஆளு நீங்கதான் மாப்ள" என்று சொல்லி, முதல் தடவையாக இவர் தோளில் கை போட்டார். அம்மா எடுத்து வைத்திருந்த மட்டன் குழம்பை அன்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து காலி செய்தார்கள்.

மழை வந்துவிட்டதால் பந்தயத்தில் தோற்றது நான்தான். பீரோ சாவியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. இவர் வேறு கேமரா வாங்கினார், இப்போதும் மேகம் பார்க்கப் போகிறார். ஆனால் நானும் கூடவே போகிறேன். கான்கிரீட் கூரையோ மூடிய காரோ பக்கத்தில் இருந்தால்தான் கேமரா வெளியே வரும். முதல் இடி கேட்டதும் நான் "விருந்தாளி!" என்பேன். மறுபேச்சு இல்லாமல் உள்ளே வந்துவிடுவார். அப்பாவுக்கு இதில் தனிப் பெருமை.

சேற்றில் கிடந்த அந்தக் கேமரா பிழைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் உள்ளே இருந்த ஃபிலிமை மட்டும் எப்படியோ காப்பாற்றிக் கழுவிக் கொடுத்தார். ஓடி வந்த அவசரத்தில் இவர் கேமராவின் கண்ணை மூடாமலேயே விட்டிருந்ததால், அந்த மின்னல் வெளிச்சம் பட்டுக் கடைசிப் படம் முழுக்க வெறும் வெள்ளை. அதை பிரேம் போட்டு எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிற நிஜ விருந்தாளிகள், "இது இன்னா, ஒண்ணுமே இல்லியே" என்று கேட்பார்கள். அந்தப் படத்தில் என் கணவர் இல்லை, என் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, டீ போட எழுந்து போகிறேன்.