சுண்ணாம்புக் கோட்டு வீடு

குவைத்தில் லாரி ஓட்டிய என் கணவர், சித்தூரில் நாங்கள் கட்டப்போகும் வீட்டைப் போனிலேயே திட்டம் போட்டு முடித்தார். ஹால் முன்னால், சமையலறை கடைசியில். நானும் சரி என்றேன்.

மேஸ்திரி மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். நான் சமையலறைக் கோட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். கோடெல்லாம் சுவரானால் இங்கிருந்து தெருவில் ஒரு முகம்கூடத் தெரியாது. நாள் முழுக்க இதற்குள் இருக்கப்போவது நான் ஒருத்திதான்.

அப்போது எதிர்வீட்டு அம்மா டீ கொண்டுவந்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. கோடுகளைத் தாண்டி நேராக வந்தால் பத்தே எட்டு. அவரோ சுற்றிப் போய், வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வர்லாமா? தனியா இன்னா பண்ணிகினு கீற?" என்றார்.

"வாங்கக்கா" என்று நகர்ந்து உட்கார இடம் விட்டேன்.

மேஸ்திரி திரும்பியதும் சமையலறையைத் தெருப்பக்கம் மாற்றச் சொன்னேன்.

"அண்ணன் ஒத்துக்கினாராம்மா?"

"இருக்கப்போறது நான்தான் மேஸ்திரி."

லீவில் வந்த கணவர் கத்தினார்: "வீட்டுக்கு விருந்தாளி வந்தா மொதல்ல அடுப்பயா பாக்கறது?"

இத்தனை வருடத்தில் அப்படி வந்துபோன விருந்தாளி நீங்கள்தான் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.