பழனி பஸ்ஸில் என் பழைய பெயர்

இன்று பழனியிலிருந்து திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் முகத்தையே பார்த்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நெய்க்காரப்பட்டியில் என்னைக் கட்டியவனின் தங்கை அவள்.

சுதந்திரம் வந்த மறுவருடம் அவன் என்னைக் கிணற்றில் தள்ளினான். எப்படியோ ஏறி, ஈரச்சேலையோடு தப்பி ஓடிவந்தேன். ஒரு வயது மகளை விட்டுவிட்டு வந்தேன்; இப்போது அவளுக்குப் பத்து வயது. பெயரை மாற்றிக்கொண்டு தையல் டீச்சர் மேரியான இந்தக் கதையை, என் வகுப்புப் பெண்களான உங்களிடம்கூட நான் சொன்னதில்லை.

"ஏனுங்க, நீங்க எங்க வள்ளி அண்ணிங்களா?"

"இல்லம்மா, ஆளு மாத்திப் பேசுற. எம்பேரு மேரி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க. அண்ணி செத்துப்போச்சுன்னுதான் அண்ணன் சொன்னான். பொணமே கெடைக்கலையேன்னு அவங்க புள்ள மட்டும் நம்பமாட்டேங்குதுங்க. பஸ்ல எறங்கற பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டே நிக்குது. அதுக்கும் அண்ணங்கிட்ட அடி வாங்குதுங்க."

திண்டுக்கல் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். என்னால் எழ முடியவில்லை.

அவள் கையைப் பிடித்து, "நான்தான்" என்றேன். இருவரும் அழுதோம்.

நாளைக் காலை மகளைக் கூட்டிவரப் போகிறேன். அவன் வீட்டில்தான் இருப்பானாம்.

ஏற்கெனவே செத்துப்போனவளுக்குத் துணையாக வர உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?