கடைசி அம்பாரத்துப் பாம்பு

எங்கள் உப்பளத்தில் இரும்பு நிற்காது. மோட்டார் கொட்டகைக் கதவுக்குக் கீல் போட்டால், இரண்டு மழைக்குப் பிறகு கதவு இருக்கும், கீல் இருக்காது. உப்பு வாருகிற பலகைக்குக்கூட மரமும் கயிறும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும்.

அந்தக் கோடையில் கடைசி வரப்பில், வேலிகாத்தான் புதரை ஒட்டி, ஓர் அம்பாரம் இருந்தது. வாரின உப்பை ஆள் உயரத்துக்குக் குவித்துப் பனையோலை போட்டு மூடிவைப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் வாசல் இல்லாத கூரை வீடுகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். வெயில் ஏறினால் அந்த வீடுகள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பி மிதக்கும். கடைசி வீட்டுக்குக் குடித்தனம் வந்திருப்பது எனக்கும் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் என் சிநேகிதிக்கும் மட்டும்தான் தெரியும். ஓலைக்கு அடியில் ஒரு நல்ல பாம்பு. கண்ணால் பார்த்தது ஒரே தடவை. காதால் கேட்டது தினமும். பக்கத்தில் போனால் உள்ளே மூச்சு விடும். நாங்கள் நின்றால் அதுவும் மூச்சை நிறுத்தும்.

"நம்ம வூட்டுக்கு வந்துச்சின்னா அடிக்கலாம். அது வூட்டுக்கு நாமதானடி போறோம்?" என்றாள் சிநேகிதி.

"குடக்கூலி யாரு குடுக்கறது?"

"எலி புடிக்குது இல்ல, அதுல கழிச்சிக்க."

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். முக்கியமாக என் கொழுந்தனிடம். என் வீட்டுக்காரரின் தம்பியான அவன்தான் அளத்துக்குக் காவல். லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று எப்போதும் அவன் தோளில் தொங்கும். நரி வரும், பன்றி வரும் என்பான். நான் பார்த்தவரை கழுவேலி ஏரி வாத்துகள்தான் வந்தன, அதுவும் அவன் வீட்டுக் குழம்புக்கு. சாரைப் பாம்பானாலும் தண்ணிப் பாம்பானாலும், கண்ணில் பட்டால் சுடுவான். சுட்டுவிட்டுத்தான் என்ன பாம்பு என்று குனிந்து பார்ப்பான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். காற்று திடீரென்று நின்றுவிட்டது. காற்று நின்றால் அளத்தில் உப்பு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்கும், யாரோ பல்லைக் கடிப்பதுபோல. கடைசி அம்பாரத்தில் சரிந்திருந்த ஓலையை இழுத்துவிடப் போனேன். காலுக்கடியில் ஏதோ மெத்தென்றது. உப்பளத்தில் மெத்தென்று எதுவுமே கிடையாது. அது மெதுவாக நழுவி, ஓலைக்குள் போனது.

குனிந்து காலைப் பார்த்தேன். முப்பது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற பாதம், கோடை ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். கண்ணாடிச் சில்லு ஏறினாலும் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வெடிப்புகளுக்குள் இரண்டு பல் பட்ட இடத்தை எங்கே போய்த் தேடுவது?

"ஏண்டி, கடிச்சிதா?" என்று சிநேகிதி ஓடி வந்தாள்.

"கால கேளு. எனக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பயத்தில் ரகசியத்தை மறந்து கத்திவிட்டாள். மோட்டார் கொட்டகையிலிருந்து கொழுந்தன் துப்பாக்கியோடு ஓடி வந்தான். இருவரும் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கொட்டகைப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். பாம்பு கடித்திருந்தால் வேப்பிலை கசக்காது, இனிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொழுந்தன் ஒரு கொத்தை ஒடித்து என் வாயில் திணித்தான்.

"நல்லா மெல்லு அண்ணி. கசக்குதா?"

கசந்தது. நாக்கு சுருளுகிற கசப்பு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். வாத்துகளை நடுங்கவைக்கிற வீரனுக்கு உதடு நடுங்கியது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஜிலேபி மாதிரி இருக்குதுப்பா. இன்னும் ரெண்டு எல குடேன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

"கடிச்ச பாம்ப கொண்டும்போயி காட்னாதான் டாக்டரு மருந்து போடுவாரு."

"ஏம்பா, நில்லு! சும்மா சொன்னேன், கசக்குதுப்பா!"

"வெஷம் தலைக்கு ஏறினா இப்டிதான் மாத்திப் பேசுவாங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னான்.

சிநேகிதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வரப்பில் ஓடினாள். அவன் போய்ச் சேருவதற்குள் பாம்பைப் புதருக்குள் விரட்டிவிட வேண்டும் என்றுதான் ஓடினாள். அது எனக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்று கத்தினேன். வெயிலில் இரண்டு உருவங்களும் கால் இல்லாமல் மிதந்து போயின. எது கிட்டே, எது தூரம் என்று தெரியவில்லை. ஒன்று அம்பாரத்துக்குப் பின்னால் மறைந்தது. மற்றது அதன் முன்னால் நின்றது. பிறகு வெடி.

வெள்ளைத் தரையில் எதிரொலி கிடையாது. பறவைகள் மொத்தமாக மேலே எழும்பின, ஒரு சத்தமும் இல்லாமல். நான் நடந்து போய்ச் சேரும்வரை எதுவும் அசையவில்லை.

பாம்பு இரண்டாகக் கிடந்தது. தலைப் பக்கம் இன்னும் உப்பில் புரண்டுகொண்டிருந்தது. ஈரத்தில் உப்பு ஒட்டி ஒட்டி, எங்கள் கண்ணெதிரே அது வெள்ளைப் பாம்பாக மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது பாம்பிடமிருந்து வரவில்லை, அம்பாரத்துக்குள்ளிருந்து வந்தது.

சிநேகிதி பின்பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். "எனக்கு ஒண்ணும் படல" என்றாள். எங்களை நோக்கி நடந்தாள். அவள் இடது கால் வைத்த இடமெல்லாம் உப்பு சிவந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் பாதமும் என் பாதம் போலத்தானே!

கொழுந்தன் அதைப் பார்த்தான். கையிலிருந்து துப்பாக்கி நழுவியது. "பைக்க எடுத்தாறேன்" என்று ஓடினான்.

சிநேகிதி குதிகாலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீ மிதிச்சும் அது கடிக்க யோசிச்சிது. அவன் யோசிக்கல. நீயும் யோசிக்கல."

கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்தேன். அதில் ஒரு தடவைக்கு ஒரு வெடிதான், அது தீர்ந்துவிட்டது. இருவருமாக ஓலையை விலக்கி, பலகையால் குடைந்து, அம்பாரத்தின் நடு வயிற்றில் துப்பாக்கியைச் செருகி உப்பைத் தள்ளி மூடினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க என்னைக் கண்ணைத் திறந்து மூடச் சொன்னார்கள், விஷம் ஏறினால் இமை தொங்குமாம். பாம்பு கடிக்கவே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சிநேகிதி காலைக் காட்ட வரவில்லை. காட்டினால் போலீஸ் கேட்கும், என் கொழுந்தன் உள்ளே போவான். குதிகாலில் இருந்த துப்பாக்கி ரவையை வேலிகாத்தான் முள்ளால் தானே கிண்டி எடுத்தாள். பாம்பைப் புதைத்துப் பாக்கெட் பால் ஊற்றியதும் அவள்தான்.

"அண்ணி, துப்பாக்கி எங்க?" என்று கொழுந்தன் ரகசியமாகக் கேட்டான்.

"பாம்பு எடுத்துகினு பூட்ச்சி. போலீஸ்ல எழுதிக் குடேன்."

அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அந்த வருஷம் கடைசி அம்பாரம் விற்காமல் நின்றது. முதல் மழை பெய்தது. மறுநாள் பார்த்தால் அம்பாரத்தின் வயிற்றிலிருந்து சிவப்பாக வழிந்திருந்தது, வரப்புவரைக்கும். பாம்பு ரத்தம் என்றார்கள் ஊர்க்காரர்கள். மஞ்சள் பூசி ஒரு கல் நட்டார்கள். வேப்பிலை இனித்தும் பிழைத்தவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். "அது துருப் புடிச்ச இரும்புடா, நாந்தான் பொதைச்சேன், வேப்பிலயும் கசந்துச்சி" என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்த அம்மாவுக்கு எப்போதும் விளையாட்டு என்று சிரித்தார்கள். கொழுந்தன் கண்ணை மூடி, கைகூப்பி, தன் துப்பாக்கியைக் கும்பிட்டான். அதன்பிறகு அவன் வேறு துப்பாக்கி வாங்கவில்லை.

துரு என்று தெரிந்த நானே அந்தச் சிவப்பின்மேல் கால் வைக்கவில்லை. உள்ளே இன்னும் ஏதோ மூச்சு விட்டது.

வருஷா வருஷம் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். சிநேகிதி கொஞ்சம் நொண்டி நடந்து வந்து, கல்லின்மேல் இருக்கும் வேப்பிலையில் ஒன்றைக் கிள்ளி என் வாயில் வைப்பாள்.

"சொல்லு. இப்ப கசக்குதா?"

அந்த வெடிக்குப் பிறகு எனக்கு எந்த வேப்பிலையும் கசந்ததில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

"கசக்குதுடி" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவேன். அவள் என் காலைப் பார்ப்பாள், பல் பட்ட இடத்தைத் தேடுவதுபோல.