பிள்ளை அனுப்பின குளிசை

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோயாளியின் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். வைத்தியரும் ஏசுவார், வீட்டுக்காரரும் ஏசுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர். நான் போனபோது நெற்றி வீங்கியிருந்தது. கிணற்றடியில் தலை சுற்றி விழுந்திருக்கிறார். அளந்தால் பிரஷர் பயப்படும் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. இன்னொரு முறை விழுந்தால் கிணற்றுக்கட்டு அவரை விட்டுவைக்காது.

"வேறை ஏதும் குளிசை போடுறியளோ அம்மா?"

"இல்லை மிஸ்ஸி. நீங்கள் தந்தது மட்டும்தான்."

தொலைபேசியில் வைத்தியரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கை கழுவப் போகும் வழியில் சாமியறை திறந்திருந்தது. பிள்ளையார் படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், பாதி காலியான ஒரு குளிசைப் போத்தல். படம் எடுத்து வைத்தியருக்கு அனுப்பினேன். நாங்கள் கொடுத்த அதே மருந்துதான், வேறு பெயரில் என்று உடனே பதில் வந்தது.

"இது என்னம்மா?" கத்தியே விட்டேன்.

"அது குளிசையில்லை மிஸ்ஸி. அது பிள்ளை கனடாவிலையிருந்து அனுப்பினது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. போத்தலை நான் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வருகிற யாரிடமாவது மகள் இன்னொன்றைக் கொடுத்துவிடுவாள். அங்கேயே நின்று அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அழுதுவிட்டாள்.

"அப்ப நான் அம்மாவுக்கு என்னத்தைத்தான் செய்யிறது, மிஸ்ஸி?"

"பின்னேரம் குளிசை போடுற நேரத்துக்கு வீடியோவிலை வாங்கோ. நாங்கள் தந்ததை மட்டும் அம்மா போடுறாவோ எண்டு நீங்கள்தான் பாக்கோணும்."

அடுத்த மாதம் விளக்கு வைக்கும் நேரத்தில் போனேன். பிரஷர் நன்றாக இருந்தது. ஆனால் அன்றைய குளிசை சாசரிலேயே கிடந்தது. தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த போனைப் பார்த்தபடி அம்மா இருந்தார்.

"பிள்ளை இன்னும் வரேல்லை."

அழைப்பு வராவிட்டாலும் குளிசை போடத்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் அடித்தது. அங்கே காலை; தடித்த குளிர்ச்சட்டையோடு, வேலைக்குப் போகும் அவசரத்தில் மகள்.

"போடுங்கோ அம்மா. ஆ... வாயைத் திறவுங்கோ பாப்பம்."

அம்மா விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சொல்ல வந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு நான் செருப்பைப் போட்டேன்.